நவராஜ் செல்லையாவும் ஆடுகளத் தமிழும்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் கவிஞர்க்கும் புதின ஆசிரியர்க்கும் இயல் இயலாக இடம் ஒதுக்குகின்றன. பந்தாட்ட விதிகளைத் தமிழில் எழுதிவைத்தவர்க்கோ ஒரு பத்தி கிட்டுவதும் அரிது. எஸ். நவராஜ் செல்லையா (1937-2001) அவ்வாறு வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர். உடற்கல்வித் துறையிலிருந்து எழுத வந்த அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றினார். 'விளையாட்டுக் களஞ்சியம்' என்னும் திங்களிதழை நடத்தினார். விளையாட்டுத் துறைக்கெனக் கலைச்சொல் அகராதியும் தொகுத்தார். அவர் மறைந்த பின் தமிழ்நாட்டு அரசு அந்நூல்களை நாட்டுடைமையாக்கியது. ஆயினும் அவற்றை எழுத்து என்ற முறையில் எடை போட்டவர் மிகச் சிலரே.

அவர் செய்த பணியின் அருமை, அவருக்கு முன்பிருந்த நிலையை எண்ணிப் பார்த்தால் விளங்கும். 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. அக்கல்லூரி தென்னாட்டிற்கு உடற்கல்வி ஆசிரியர்களைத் தந்தது. கூடவே ஆங்கிலத்தையும் தந்தது. ஆட்டத்தின் பெயர், ஆட்டக்காரர் நிற்கும் இடம், தவற்றின் பெயர், நடுவர் தீர்ப்பு யாவும் ஆங்கிலத்திலேயே வந்தன. வகுப்பறையில் தமிழ் பேசிய ஆசிரியர் திடலில் கால்வைத்ததும் மொழி மாறினார். மலாயாவிலும் இதே கதைதான். கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிக்கெனத் தாமே கண்ட பழஞ்சங்கம் கூட இன்றளவும் 'டி.பி.சி.ஏ.' என்னும் ஆங்கில எழுத்துகளாலேயே வழங்குகிறது.

இவ்வகைப் பணிக்கு ஐரோப்பாவில் ஓர் ஒப்புமை உண்டு. குரோவாசிய நாட்டு ஃபிராஞ்சோ புச்சார் (1866-1946) வரலாறும் புவியியலும் கற்ற ஆசிரியர். அரசு 1892இல் அவரை ஸ்டாக்ஹோமிலுள்ள உடற்பயிற்சிக் கழகத்திற்கு அனுப்பிற்று. திரும்பி வந்து ஸாக்ரெப் நகரில் உடற்பயிற்சி ஆசிரியர்க்கான பயிற்சி வகுப்பை நடத்தினார். காற்பந்தும் பனிச்சறுக்கும் அந்நாட்டில் வேரூன்ற உழைத்தார். 1920 முதல் இறுதிவரை அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினராகவும் விளங்கினார். அதே மனிதர்தாம் 1910இல் குரோவாசியப் புரோட்டஸ்டண்டு இலக்கிய வரலாற்றையும் எழுதினார். உடலைப் பயிற்றுவதையும் ஏட்டைப் பயில்வதையும் அவர் இரு வேறு தொழில்களாகக் கருதவில்லை. அம்மொழியில் காற்பந்திற்கு 'நோகோமெத்' என்று பெயர். 'நோகா' என்றால் கால். அண்டை நாட்டுச் செர்பியரோ ஆங்கிலச் சொல்லையே தம் நாவிற்கேற்பத் திரித்துக்கொண்டனர். சொந்தச் சொல்லால் கோல்களின் எண்ணிக்கை கூடிவிடாதுதான். ஆனால் அந்த ஆட்டம் யாருடையது என்னும் உணர்வு மாறிவிடுகிறது.

செல்லையாவுக்குப் பின்னால் அத்தகைய அரசோ ஒலிம்பிக் குழுவோ இல்லை. பேனா ஒன்றே துணை. ஆட்டத்தின் தோற்றம், ஆடுகளத்தின் அளவு, விதி, ஆடும் திறன் நுணுக்கம் என்று படிப்படியாக அவர் விளக்கிச் செல்லும் முறை ஓர் ஆசிரியரின் முறை. இது எளிய செயலன்று. காற்பந்தில் 'ஆஃப்சைடு' விதியைப் பத்து வயதுச் சிறுவனுக்குத் தமிழில் சொல்ல முயன்றவர் அதனை அறிவர். பந்து உதைக்கப்படும் கணம், எதிரணியின் பாதித் திடல், பந்து இருக்கும் இடம், எதிரணியில் கடைசிக்கு முந்திய ஆட்டக்காரர் நிற்கும் இடம் ஆகிய யாவும் ஒரே வாக்கியத்தில் மோதாமல் நிற்கவேண்டும். இத்தகைய துல்லிய உரைநடைக்குத் தமிழில் முன்மாதிரிகள் குறைவு. செல்லையா விதியை விளக்கும் இடங்களில் சிறக்கிறார். அறிவுரை கூறப் புகும் இடங்களில்தான் தளர்கிறார். அங்கே மோனையும் எதுகையும் கருத்தை இழுத்துச் செல்கின்றன. ஒருமுறை சொன்னாற் போதுமானது மும்முறை வருகிறது. நூற்றுக்கணக்கில் எழுதுவோர் கொடுக்கும் விலை இது.

திருக்குறளுக்கு அவர் எழுதிய புதிய உரை தனி ஆய்வுக்குரியது. உடலைப் போற்றுவார் ஒருவர் குறளை அணுகியது நல்லதே. எனினும் அவரை நிலைநிறுத்துவது அவ்வுரையன்று, ஆட்ட நூல்களே.

கலைச்சொற்களுக்கு வருவோம். கூடைப்பந்தாட்டம், வளைகோல் பந்தாட்டம் போன்ற சொற்களையெல்லாம் அவரே ஆக்கினார் என்பது மிகை. அவற்றை ஏட்டில் நிலைபெறச் செய்தார் என்பதே பொருத்தம். ஆனால் அச்சொற்களின் உலகம் தமிழ்நாடு. கிள்ளான் பள்ளியொன்றில் 'பூப்பந்து' என்றால் இறகு செருகிய பந்து; தமிழ்நாட்டு நூலில் அதே சொல் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைக் குறிக்கும். இறகு செருகியதை அங்கே 'இறகுப்பந்து' என்பர். தமிழ்நாட்டார் கைப்பந்து என்பதை யாழ்ப்பாணத்தார் கரப்பந்து என்பர். கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்பர். பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர் ஒருவர் சென்னையில் அச்சான நூலைக் கையில் பிடித்துக்கொண்டு திடலில் இறங்கினால், முதலில் மாணவர்க்குச் சொற்போர் நடத்தவேண்டியிருக்கும். செப்பாக் தக்ரோவுக்கோ அந்நூல்களில் துணை தேடிப் பயனில்லை.

அந்த ஆட்டத்தின் பெயரே ஒரு பாடம். 'செப்பாக்' என்பது உதைத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். 'தக்ரோ' தாய்லாந்துச் சொல். இரு நாட்டாரும் தத்தம் பெயரையே வற்புறுத்தாமல் இரண்டையும் இணைத்துக்கொண்டனர். 1990ஆம் ஆண்டுப் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் அது முதன்முதலாக இடம்பெற்றது. நம் சடுகுடுவும் அதே ஆண்டில்தான் அங்கே நுழைந்தது, 'கபடி' என்ற பெயரில். இரு நாட்டாரால் இயன்ற உடன்பாடு ஒரே மொழி பேசும் மூன்று நாட்டுத் தமிழர்க்கு ஏன் இயலவில்லை என்பது கலைச்சொல் தொகுப்போர் விடை காணவேண்டிய வினா.

இந்நாட்டு எழுத்தாளர்க்கும் இங்கே வேலை உண்டு. செல்லையாவின் நூல்களைப் போற்றுவதோடு நில்லாமல், அவர் காணாத திடல்களை எழுதவேண்டும். எம். ஜெகதீசன் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். மருத்துவராகிப் பின் விளையாட்டு மருத்துவ நிர்வாகியாகவும் உயர்ந்தார். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் நிறுவிய தேசியச் சாதனை 2017இல்தான் முறியடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நின்ற அந்த ஓட்டத்தை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தமிழில் படிப்பதற்கேற்ற நூலை எழுத, செல்லையாவின் விளக்க முறையும் கிள்ளானின் சொற்களும் போதும்.