'காத்தார்' என்னும் சாட்சியம்

ஆண்டின் கடைசி இரவில் தமிழ்நாட்டின் பல சபைகளில் வாக்குத்தத்த வசனம் கொடுக்கும் வழக்கம் உண்டு. வரும் ஆண்டு முழுவதற்கும் கடவுள் உனக்குச் சொல்லும் வார்த்தை இது என்று ஒரு சிறு அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு மக்கள் வீடு திரும்புவார்கள். அந்த அட்டை வேதாகமத்துக்குள் போகும், அல்லது சுவரில் ஏறும். பாதுகாப்பு, நீண்ட ஆயுள், வீட்டை அணுகாத வாதை என்று பெரும்பாலும் நலம் சொல்லும் வசனங்களே அதில் இருக்கும். 2004ஆம் ஆண்டின் கடைசி இரவு, ஆழிப்பேரலை அடித்த ஐந்தாம் நாள் வந்தது. கரையோரக் குடும்பங்கள் அப்போதும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தன. பேரிடரும் வாக்குத்தத்தமும் இப்படி நேருக்கு நேர் மோதும்போது நம் பிரசங்க மேடைகள் பழக்கமாகச் சொல்லிவரும் பதில்களை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. அவற்றில் ஆறுதலும் உண்டு, அநீதியும் உண்டு. இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் இருப்பதுதான் சிக்கல்.

முதல் பதில், எல்லாருக்கும் பிடித்த பதில்: 'கடவுள் எங்களைக் காத்தார்.' இதற்கு வேளாங்கண்ணியைவிடத் துலக்கமான இடம் இல்லை. புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் அன்னையிடம் நேர்ந்துகொண்டு, கரை சேர்ந்த நன்றிக்குக் கட்டிய ஆலயம் அது என்பது தலமரபு. கடலிலிருந்து காத்த கதையே அதன் அஸ்திவாரம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28 மணிக்குச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவியது. அதிர்வின் அளவு 9.1. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பிறகு அலை நம் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் கடைவீதியிலும் இருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பேராலயம் தப்பியது, உள்ளே திருப்பலியில் இருந்தவர்களும் தப்பினார்கள்.

தப்பியவர்கள் அதை அற்புதம் என்று சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். சாவின் வாயிலிருந்து மீண்டவருக்கு நன்றி சொல்ல ஒரு முகம் வேண்டும். அந்த நன்றி பொய்யல்ல. அது ஒலிபெருக்கியில் ஏறி, கடவுளின் செயலுக்கு ஆதாரமாக மாறும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. அன்று கடற்கரையில் நின்றவர்கள் யார்? வேளாங்கண்ணிக்குப் போனால் மொட்டை அடித்து, கடலில் குளித்து, பிறகு ஆலயத்துக்குள் போவது பலருடைய வழக்கம். அலை வாரிக்கொண்டு போனவர்களும் அதே அன்னையைத் தேடி, அதே நேர்ச்சையோடு வந்தவர்களே. உள்ளே இருந்தவரைக் காத்தார் என்ற வாக்கியம், வெளியே நின்றவரைக் காக்கவில்லை என்ற வாக்கியத்தையும் சேர்த்தே சொல்கிறது. மேடையில் நிற்பவர் காதில் அந்த இரண்டாம் பாதி விழுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்து அதே பந்தியில் உட்கார்ந்திருக்கும் தாயின் காதில் அது மட்டுமே விழுகிறது.

சான்றாகவும் இது நிற்காது. அதே காலையில் சுமத்ராவின் ஆச்சே மாநிலத்தில் லம்புக் என்ற ஊர் தரைமட்டமானது. அதன் மசூதி மட்டும் தனியே நின்றது. அங்கே அதை அல்லாஹ்வின் அடையாளம் என்றார்கள். கனமான தூண்களும், தண்ணீர் ஊடுருவிப் போகத் திறந்த கீழ்த்தளமும் இருந்தால் கட்டடம் நிற்கும் என்றார்கள் பொறியாளர்கள். இங்கே திருச்செந்தூரில் கடல் பின்வாங்கியதை முருகனின் காவல் என்றார்கள். அந்தக் கரைக்கு இலங்கைத் தீவு பெருமளவு மறைப்பாக நின்றதும் உண்மை. ஆனால் அதே தீவைச் சுற்றி வளைந்து வந்த அலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கரையின் கத்தோலிக்க மீனவர் ஊர்களைச் சூறையாடியது. தினமும் செபமாலை சொல்லும் ஊர்கள் அவை. தப்பிய கட்டடங்களை மட்டும் எண்ணி எழுதும் கணக்கு எந்த மதத்துக்கும் சாதகமாக வரும். அதனால்தான் அது எதையும் நிரூபிப்பதில்லை.

இரண்டாம் பதில் தண்டனை. 1934 ஜனவரி 15 அன்று பீகார் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, அதே மாதம் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார். தாகூர் மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். இயற்கையின் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்பது தாகூரின் கட்சி. காந்தியின் இதே வாதத்தைச் சனாதனிகள் திருப்பிப் போட்டு, தீண்டாமை ஒழிப்பு இயக்கமே நிலநடுக்கத்தை வரவழைத்தது என்று சொல்லலாமே என்றும் அவர் சுட்டினார்.

தண்டனை வாதங்களிலேயே காந்தியுடையது உயர்ந்தது என்பேன். பிறர்மேல் விரல் நீட்டாமல் தம் சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். இருந்தும் அந்த வாதம் அறத்தின் தராசிலேயே தோற்கிறது. பீகாரில் இடிபாடுகளுக்குள் மடிந்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்கள். பாவத்தைச் சுமந்தவர்களையே அந்தப் பாவத்துக்காகத் தண்டிக்கும் கடவுளை எந்த நீதியின் பேரில் வணங்குவது? காந்திக்கே இந்த வாதம் இப்படி வழுக்கினால், அடுத்த மதத்தாரின் பாவம், பெண்களின் உடை என்று இன்று கூசாமல் பட்டியலிடுபவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் இந்தக் கதவை ஏற்கெனவே அடைத்துவிட்டது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசுவே சொல்கிறார்.

மூன்றாம் பதில், 'எல்லாம் அவர் சித்தம்.' துக்க வீட்டில் வேறு சொல் கிடைக்காதபோது சொல்லப்படும் இதை நான் எடைபோடப் போவதில்லை.

வாக்குத்தத்தத்தையே கைவிட வேண்டும் என்பதா என் கட்சி? இல்லை. அதைப் படிக்கும் முறையில்தான் எனக்கு வழக்கு. நம் வீடுகளில் அதிகம் மாட்டப்படும் 91ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளைநோய் அணுகாது, தூதர்கள் தாங்குவார்கள் என்ற பொருளில் பேசும் சங்கீதம் அது. வனாந்தரச் சோதனையில் இயேசுவிடம் அதே சங்கீதத்தை எடுத்துக் காட்டி, ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி என்று சொல்பவன் சாத்தான். வசனம் சரி, அதை விபத்துக் காப்பீட்டுப் பத்திரமாக ஆக்கிக்கொள்வதை இயேசு மறுக்கிறார். இந்தக் காட்சியை மத்தேயுவும் லூக்காவும் எழுதிவைத்திருந்தும் நம் அட்டைகளை அச்சிடுகிறவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வேதனை.

அந்த அட்டைகளில் ஒருபோதும் இடம்பெறாத சங்கீதங்களும் உண்டு. 44ஆம் சங்கீதம், நாங்கள் உடன்படிக்கையை மீறவில்லையே, ஏன் தூங்குகிறீர் என்று கடவுளிடமே வழக்காடுகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. வாக்குக் கொடுத்தவர் என்று ஒருவர் இருந்தால்தான் இப்படி அவரிடம் வழக்காட முடியும். வாக்குத்தத்தத்தின் உண்மையான வலிமையாக நான் காண்பது இதைத்தான். வாழ்க்கை வெறும் தற்செயல் என்று நம்புகிறவர் அலையிடம் முறையிட முடியாது. நம்புகிறவர் தம் கடவுளிடம் முறையிடலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுத்து, நன்றி மட்டுமே சொல்லத் தெரிந்த வழிபாட்டை நாம் வளர்த்திருக்கிறோம். சாட்சி நேரத்தில் தப்பியவர் மட்டுமே எழுந்து பேசுகிறார். இழந்தவரும் எழுந்து, எனக்கு ஏன் இப்படி என்று கேட்கவும், சபை அதற்கு ஆமென் சொல்லவும் முடிய வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. காப்பார் என்ற சொல் சில வேளைகளில் காரணம் தேடுவதையே நிறுத்திவிடுகிறது. நம்பிக்கை அப்படி நிறுத்தத்தான் வேண்டும் என்று விதி இல்லை. சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவு, அதிர்வு தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். 1907இல் வந்த பேரலையின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. தொழுகை தவறாத மக்கள்தான் அவர்களும். ஓடுவதை நம்பிக்கைக் குறைவாக அவர்கள் நினைக்கவில்லை. நம் கரையிலோ அன்று கடல் உள்வாங்கிய இடங்களில் மக்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். நமக்கு அப்படி ஒரு பாட்டு இல்லை. எச்சரிக்கை மையமும் இல்லை. ஐதராபாத்தில் அது அமைந்தது 2007இல்தான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் பலர் எச்சரிக்கைக்கு வெகு முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்லக் கருவி இல்லை. அந்த நாட்களில் பங்குக் கோயில்கள் செபத்தோடு நிற்கவில்லை. காணாமல் போனவர்களின் பட்டியலை ஊர் ஊராக எடுத்தார்கள். அரசின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகாதபோது விடவும் இல்லை. டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பாதிரியார்களும் கூட இருந்தார்கள். கடவுள் காப்பார் என்ற நம்பிக்கையை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. காப்பது யாருடைய கடமையோ அவர்களிடம் தேடுதலைத் தீவிரமாக்கச் சொல்லியும், ஆழ்கடல் படகுக்கு எட்டும் தொடர்புக் கருவி கேட்டும் அங்கே உட்கார்ந்தார்கள்.