இயற்கையின் பாராமுகம்: ஜாக் லண்டன், ஸ்டீபன் கிரேன் சிறுகதைகளை முன்வைத்து

முன்னுரை

அமெரிக்க இலக்கியத்தில் மனிதன் இயற்கையின் கடுமையை எதிர்கொள்ளும் கதைகளை 'மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டம்' என்று வகைப்படுத்துவது பாடநூல் மரபாக உள்ளது. போராட்டம் என்னும் சொல் இரு தரப்புகளை வேண்டி நிற்பது. எதிர்த்தரப்புக்குப் பகைமை இருந்தால்தான் வெற்றி, தோல்வி என்னும் சொற்களுக்குப் பொருளுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேரூன்றிய இயற்பண்புவாதக் கதைகள் பலவற்றில் இயற்கை அத்தகைய தரப்பாக நிற்பதில்லை. அது மனிதனை வெறுப்பதில்லை, விரும்புவதுமில்லை, பொருட்படுத்துவதே இல்லை. இப்பாராமுகத்தின் முன் மனிதனுக்குத் துணையாவது எது என்னும் வினாவை, ஸ்டீபன் கிரேனின் 'திறந்த படகு' (1897), ஜாக் லண்டனின் 'நெருப்பு மூட்ட' (1902, 1908) ஆகிய கதைகளின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டறிவும் படைப்பும்

இவ்விரு படைப்பாளர்களும் தாம் எழுதிய இயற்கையை நேரில் கண்டவர்கள். கனடாவின் யூகான் பகுதியில் உள்ள க்ளாண்டைக்கில் 1896இல் தங்கம் கண்டறியப்பட்டது. அதனைத் தேடிச் சென்ற பெருங்கூட்டத்தில் ஒருவராக லண்டன் 1897இல் தம் 21ஆம் வயதில் அங்குச் சென்றார். குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். ஊட்டச்சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு ஆளாகி 1898இல் திரும்பினார். தங்கம் அவருக்குக் கிட்டவில்லை, கதைகள் கிட்டின.

கிரேன் செய்தியாளராகக் கியூபாவுக்குப் புறப்பட்டவர். அங்குப் போரிட்ட கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதங்களை ஏற்றிச் சென்ற கமடோர் என்னும் கப்பல் 1897 ஜனவரி 2ஆம் நாள் ஃபுளோரிடாக் கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. சிறு படகொன்றில் மேலும் மூவருடன் கடலில் தத்தளித்துக் கரை சேர்ந்த கிரேன், அப்பட்டறிவை அதே ஆண்டில் சிறுகதையாக்கினார்.

ஒரு கதை, இரு வடிவங்கள்

'நெருப்பு மூட்ட' என்னும் கதையை லண்டன் இருமுறை எழுதினார். 1902இல் சிறுவர் இதழொன்றில் வெளிவந்த முதல் வடிவத்தில் தலைவனுக்கு டாம் வின்சென்ட் என்னும் பெயருண்டு. அவன் உறைபனியில் தனியே சென்று நீரில் நனைகிறான். முதலில் மூட்டிய நெருப்பு அணைந்தபோதும் மீண்டும் மூட்டிப் பிழைக்கிறான். வடபுலத்தில் எவரும் தனியே பயணம் செய்யலாகாது என்னும் பாடத்தைக் கற்கிறான். கதையின் அறம் வெளிப்படையானது.

1908இல் வெளிவந்த இரண்டாம் வடிவத்தில் தலைவனுக்குப் பெயரில்லை. ஒரு நாய் உடன் வருகிறது. குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகைக்குச் சற்று மிகுதி என அவன் கருதுகிறான். உண்மையில் அது பூச்சியத்துக்குக் கீழ் 75 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 59 பாகை செல்சியஸ் உறைகுளிர். கீழே 50 பாகையைக் கடந்தால் துணையின்றிச் செல்லாதே என்று சல்ஃபர் ஓடைப் பகுதியின் முதியவர் முன்னரே எச்சரித்திருந்தார். அவன் அதை நகைத்துத் தள்ளியவன். பனிக்கு அடியில் மறைந்திருந்த நீரில் அவன் கால்கள் நனைகின்றன. கிளைகளில் பனி சுமந்து நின்ற மரத்தின் கீழ் அவன் மூட்டிய நெருப்பின்மேல் அப்பனியே சரிந்து விழுகிறது. விரல்கள் மரத்துப்போனபின் தீக்குச்சிகளும் பயன்படுவதில்லை. இறுதியில் அவன் இறக்கிறான். நாய் மனிதர் இருக்கும் முகாமை நோக்கிச் செல்கிறது.

முதல் வடிவம் பிழையையும் திருத்தத்தையும் காட்டுகிறது. இரண்டாம் வடிவம் திருத்தத்திற்கு இடம் தருவதில்லை. மரத்தின்கீழ் தீ மூட்டியது பிழையே. அதற்குரிய விளைவு நேர்ந்ததே தவிர, அதில் தண்டிக்கும் நோக்கம் எதுவும் இல்லை. பெயரை நீக்கியதால் அவன் எவருக்கும் உறவற்றவனாகிறான். நாயைச் சேர்த்ததால் அவன் தனிமை மேலும் வெளிப்படுகிறது. பனிப்பாளத்தின் உறுதியைச் சோதிக்க அவன் நாயை முன்னே தள்ளுகிறான். இறுதியில் அதன் உடற்சூட்டுக்காக அதைக் கொல்லவும் முயல்கிறான். அருகில் ஓர் உயிர் இருந்தும் அவனுக்குத் துணை இல்லை.

நால்வர் ஏறிய படகு

கிரேனின் கதையில் நால்வர் உள்ளனர்: காயமுற்ற கப்பல் தலைவர், சமையல்காரர், செய்தியாளர், இயந்திரத்திற்கு எண்ணெயிடும் பணியாளர். இறுதியாகச் சுட்டப்பெற்றவருக்கு மட்டுமே பில்லி என்னும் பெயர் வழங்கப்படுகிறது. செய்தியாளரும் பில்லியும் முறைவைத்துத் துடுப்பு வலிக்கின்றனர். தலைவர் தாழ்ந்த குரலில் வழிநடத்துகிறார். சமையல்காரர் படகினுள் புகும் நீரை இறைக்கிறார். எவரும் வாய்விட்டுக் கூறாத தோழமை அவர்களிடையே உருவாகிறது.

கரையில் இருப்போர் அவர்களைக் காண்கின்றனர். எனினும் பொழுதுபோக்காக மீன்பிடிப்பவர்கள் என எண்ணிக் கையசைக்கின்றனர். கடலின் பாராமுகத்தோடு மனிதரின் அறியாமையும் இங்கே இணைகிறது. கரையில் தெரியும் உயர்ந்த காற்றாலைக் கோபுரமோ எறும்புகளின் துயருக்குப் புறங்காட்டி நிற்கும் பேருருவாகச் செய்தியாளருக்குத் தோன்றுகிறது. இயற்கை கொடியதன்று, நன்மையுடையதுமன்று என்னும் உணர்வை அவர் அடையுமிடம் இதுவே.

தோழமை உயிரைக் காக்கும் என்னும் எளிய முடிவைக் கிரேன் தரவில்லை. நால்வருள் வலிமை மிக்கவரும் அலைகளினூடே முன்னே நீந்திச் சென்றவருமான பில்லியே கரையோர ஆழமற்ற நீரில் இறந்து கிடக்கிறார். உழைப்புக்கும் தகுதிக்கும் ஏற்பக் கடல் உயிர்களைத் தெரிவு செய்வதில்லை.

கற்பனை என்னும் துணை

துணை உயிரைக் காக்க உறுதி தருவதில்லையெனின் அதன் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை, இரு கதைகளிலும் 'கற்பனை' பெறும் இடத்தில் உள்ளது. லண்டனின் தலைவனுக்குக் கற்பனை இல்லை என்பது கதையின் தொடக்கத்திலேயே கூறப்படுகிறது. குளிரின் எண்ணை அவன் அறிவான். அவ்வெண் மனித உயிரின் எளிமையைப் பற்றி எதை உணர்த்துகிறது என்பதை அறியான். பிறர் பட்டறிவைத் தன் பட்டறிவாக்கிக்கொள்ளவும் அவனுக்கு இயலவில்லை. முதியவரின் சொல் அவனுக்கு வெற்றுச்சொல்லாயிற்று. இறக்கும் தறுவாயில் தோழர்களுடன் தானும் நின்று தன் உடலைக் கண்டெடுப்பதாக அவன் காண்கிறான். முதியவர் கூறியது சரியே என ஒப்புகிறான். கற்பனை அவனிடம் பிறக்கிறது, காலம் கடந்துவிட்டது.

கிரேனின் செய்தியாளரோ அல்ஜியர்ஸில் இறந்த வீரனொருவனைப் பற்றி இளமையில் கற்ற செய்யுளை இரவுக் கடலில் நினைவுகூர்கிறார். பள்ளிப் பருவத்தில் அவரைத் தொடாத அச்சாவு இப்போது அவரை வருத்துகிறது. முன்பின் அறியாத ஒருவனின் துன்பம் அவருக்கு உண்மையாகிறது. இயற்கை அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. அதன் பாராமுகத்தின் நடுவே, மற்ற மூவருடன் இருந்த வாழ்வு அவரைப் பிறர் துயர் அறிபவராக்கியது எனலாம்.

திணைநோக்கும் கதைகளின் வரம்பும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட திணைமரபில் பயின்ற வாசகர், இக்கதைகளின் பனிவெளியைப் பாலையோடு ஒப்பிட விழைவது இயல்பு. ஆனால் பாலைப் பாடல்களில் சுரத்தின் வெம்மை பிரிவுத்துயரோடு இயைந்து நிற்கும். நிலம் மனத்திற்குச் சான்றாகும். லண்டனின் பனிவெளி எவர் மனத்தையும் எதிரொளிப்பதில்லை. உரிப்பொருளோடு ஒட்டாத முதற்பொருள் என அதனைக் கூறலாம். ஒப்பீட்டின் பயன் இவ்வேறுபாட்டை அறிவதிலேயே உள்ளது.

லண்டனின் கதைக்கு ஒரு வரம்பும் உண்டு. க்ளாண்டைக் ஆறு யூகானுடன் கலக்கும் பகுதி ஹான் பழங்குடியினர் தலைமுறைகளாக மீன்பிடித்து வாழ்ந்த இடமாகும். 1908ஆம் ஆண்டு வடிவத்தில் அம்மக்களுள் ஒருவரும் பாத்திரமாக இல்லை. அந்நிலத்தின் கடுமை புதிதாய் வந்தவனின் கண்வழியாகவே அளக்கப்படுகிறது. அங்கு வாழ்வதற்கான அறிவு முதியவரின் எச்சரிக்கையாகவும் நாயின் இயல்பூக்கமாகவும் மட்டுமே எஞ்சுகிறது. வடபுலப் பழங்குடி முதியவர் ஒருவரின் இறுதிப்பொழுதை 'வாழ்வின் நியதி' (1901) என்னும் கதையில் எழுதியவர் லண்டன் என்பதால், இவ்விடைவெளி கருதத்தக்கதாகிறது.

முடிவுரை

இக்கதைகளைப் போராட்டக் கதைகளாகப் படித்தால் ஒருவன் தோற்றான், மூவர் வென்றனர் என்ற கணக்கே மிஞ்சும். பில்லியின் சாவு அக்கணக்கில் அடங்காது. இயற்கையின் பாராமுகம் மாற்றத்தக்கதன்று என்பதை இருவரும் ஏற்கின்றனர். மாறக்கூடியது மனிதர் ஒருவர்பால் ஒருவர் காட்டும் பாராமுகமே. முதியவரின் சொல்லை நகைத்தவனும், தத்தளிப்போரைக் கண்டு கையசைத்துச் சென்றவர்களும் அதற்குச் சான்றாகின்றனர். இறுதியில் ஆடைகளைக் களைந்து எறிந்தவாறு நீரை நோக்கி ஓடிவரும் கரைமனிதன் அதற்கு மாற்றாக நிற்கிறான். கிரேன் அவனுக்குப் பெயரிடவில்லை.