மணலில் எழுதிய பாதிரியாரும் மறந்துபோன நடுவிடமும்

கிறித்தவ சமயப்பணி பிற மக்களின் பண்பாட்டுக்குள் புகுந்த வரலாற்றை மேனாட்டு இறையியற் கல்லூரிகள் இன்று முதுகலை, முனைவர் பட்டங்களுக்குரிய தனித்துறையாகவே வைத்துக் கற்பிக்கின்றன. அமெரிக்காவின் புல்லர் இறையியற் கல்லூரியில் இதற்கெனவே 1965ஆம் ஆண்டில் ஒரு பள்ளி நிறுவப்பட்டது. இந்தியாவிற் பிறந்து அங்கேயே பல்லாண்டு பணியாற்றிய டொனால்டு மெக்காவ்ரன் அதன் முதல் தலைவர். 'உலகச் சமயப்பணிப் பள்ளி' என்றிருந்த அதன் பெயர் 2003இல் 'பண்பாட்டிடை ஆய்வுப் பள்ளி' என மாறியது. பணி பின்னே சென்று பண்பாடு முன்னே வந்தது. இம்மாற்றம் பெயரளவினதா, பொருளளவினதா என்பதை ஆராய விரும்புவோர்க்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு நல்ல உரைகல் உண்டு. அது சீகன்பால்கு 1713இல் செருமானிய மொழியில் எழுதி முடித்த 'மலபார்த் தெய்வங்களின் மரபுவழி' என்னும் நூலாகும். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் 'மலபாரிகள்' என்றே வழங்கினர்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது சீகன்பால்குவுக்கு அகவை ஏறத்தாழ இருபத்து நான்கு. ஆலேப் பல்கலைக்கழகத்திற் கற்றவர். அத்தகையவர் முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அவருடைய மாணாக்கரோடு தம் இல்லத்துக்கே வரவழைத்து, அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஆசிரியப் பயிற்சி பெற்ற நம்மனோர்க்கு இச்செய்தியின் அருமை விளக்காமலே விளங்கும். மொழியை அதன் பிள்ளைகள் கற்கும் முறையிலேயே கற்பவனுக்குச் சொல்லோடு அதன் சூழலும் சேர்ந்து வரும். இரண்டே ஆண்டுகளில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்குக் குறிப்புரையோடு கூடிய பட்டியலும் வகுத்தார். அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானியத்தில் பெயர்த்தார். நம் தொடக்கப்பள்ளி மாணாக்கர் நாவில் பயின்ற நூல்கள் இவை. ஐரோப்பாவில் அவற்றை ஒருவரும் அறியாத காலம் அது.

இனி நூலுக்கு வருவோம். அது நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. முதற்கண் பராபரவஸ்து; அடுத்து மும்மூர்த்திகள்; மூன்றாவதாகக் கிராம தேவதைகள்; இறுதியில் தேவர்கள். முதலிரு பகுதிகளையும் ஓரளவு கற்றார் எவரும் எழுதியிருக்கக் கூடும். நூலின் உயிர் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி எனச் சிற்றூர் எல்லையில் நிற்கும் தெய்வங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் உருவம், கோயில், விழா, படையல் ஆகியவற்றை அவர் பதிவு செய்கிறார். நம் புலவர் பெருமக்கள் இவற்றை இலக்கியப் பொருளாக மதித்து எழுதியது குறைவு. ஏளனம் செய்ய வந்த இடத்தில் அவர் கேட்டெழுதும் மாணாக்கர் ஆகிவிடுகிறார். ஏளனமும் இல்லாமலில்லை, இடையிடையே பாதிரியார் எழுந்து நின்று கண்டித்துவிட்டு மீண்டும் அமர்கிறார்.

குறையையும் சொல்லியாக வேண்டும். 'மரபுவழி' என்ற பெயரே ஐரோப்பியச் சட்டகம். எல்லாத் தெய்வமும் ஒரே வேரிலிருந்து கிளைத்ததாக மரம் வரைந்து காட்டும் ஆசை அவருக்கு உண்டு. ஊர்க்காவல் தெய்வம் எந்த மரத்தின் கிளையும் அன்று. அது அந்த ஊரின் தெய்வம். பிள்ளைக் காய்ச்சலுக்கு மாரியிடம் வேண்டிக்கொள்ளும் தாய் பராபரவஸ்துவோடு அவளுக்குள்ள உறவுமுறையைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்பதில்லை.

கையெழுத்துப்படி ஆலே நகருக்குச் சென்றது. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டோர் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்னும் கருத்தில் அங்கிருந்த பிராங்கே மறுமொழி கூறியதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். நூல் கிடப்பில் விழுந்தது. வில்கெல்ம் கெர்மன் அதனைச் சென்னையில் அச்சேற்றிய ஆண்டு 1867. இடையே கழிந்தவை 154 ஆண்டுகள்!

இதை இன்றைய துறையோடு ஒட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலனாகும். இந்தியாவிற் பிறந்த பால் ஹீபர்ட் என்னும் மானிடவியலறிஞர் 1982இல் எழுதிய கட்டுரை இத்துறை மாணாக்கர் தவறாது படிப்பது. மேனாட்டார் மேலே முழுமுதற் கடவுளையும் கீழே கண்ணாற் காணும் உலகையும் கொண்டு, இடையிலுள்ள ஊர்த்தெய்வம், ஆவி, கண்ணேறு முதலியவற்றை விட்டுவிட்டனர் என்பது அதன் சாரம். நல்ல கருத்துத்தான். ஆனால் அந்த நடுவிடத்தைத் தரங்கம்பாடியில் ஒருவர் 269 ஆண்டுகளுக்கு முன்னரே அளந்து வைத்திருந்தார். அளவுகோலை அவர் கையில் தந்தவர்கள் தமிழர்கள்.

இத்துறையின் மீது நான் கொண்டுள்ள பெரிய மனக்குறை வேறு. பண்பாட்டை மதிப்பது என்பது அதில் உள்ள அனைத்தையும் ஏற்பதா? மக்கள் இனம், மொழி, குல எல்லைகளைக் கடக்காமலே கிறித்தவராக விரும்புவர். ஆகவே ஒத்த குழுக்களாகவே அணுகுக என்றார் மெக்காவ்ரன். எண்ணிக்கை பெருகும் வழி அது. தமிழ்நாட்டில் அதன் விலை என்ன? தரங்கம்பாடி மரபில் வந்த திருச்சபைகளில் சாதிக்கொரு பக்கமாக அமரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையினின்று அகற்ற ஆணையிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே சாதி வழக்கை நாட்டு வழக்கென்று ஆதரித்து எழுதியவர். இங்கே பண்பாட்டின் பெயராற் பேசியவர்கள் மேலிடத்தில் இருந்தவர்கள். பின்வரிசையில் அமர்த்தப்பட்டவரைக் கேட்டிருந்தால் பண்பாடு என்ற சொல்லுக்கு அவர் வேறு பொருள் கூறியிருப்பார். ஆய்வேடு எழுதுவோர் எவரிடம் கேட்டு எழுதினர் என்பதை முதலில் நோக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனாலேயே.

அவ்வகையில் சீகன்பால்கு ஒரு நற்செயல் செய்தார். தம் கேள்விகளைக் கடிதங்களாக விடுத்துத் தமிழரின் விடைகளைக் கேட்டுப் பெற்றார். அவரும் கிரண்ட்லரும் பெயர்த்த 99 கடிதங்கள் 1714இலும் 1717இலும் ஆலேயில் வெளிவந்தன. விடையெழுதியோர் அடங்கி ஒடுங்கி எழுதவில்லை. எங்கள் சமயத்திலும் ஒரே பரம்பொருள் உண்டு என்கின்றனர். ஐரோப்பியரின் ஊனுணவையும் குடியையும் தூய்மைக் குறைவையும் சுட்டி, உங்கள் வேதம் உங்களை ஏன் திருத்தவில்லை என்ற பொருள்பட வினவுகின்றனர். அச்சில் அவர்களுடைய பெயர்கள் இடம்பெறவில்லை. அவ்வினாக்களுக்குத் தரங்கம்பாடிப் பணியாளர் தந்த விடைகள் போதுமானவைதாமா என்று ஆராய்ந்து ஒரு தமிழ் மாணாக்கர் ஆய்வேடு எழுதுவாராயின் அதனை வாங்கிப் படிக்க நான் காத்திருக்கிறேன்.