தென்னிந்தியத் தொழுநோய் வரலாறு: ஜேன் பக்கிங்ஹாமின் நூல் பற்றிய மதிப்பீடு

'லெப்ரசி இன் கொலோனியல் சவுத் இந்தியா' (2002) ஜேன் பக்கிங்ஹாம் எழுதிய ஆங்கில வரலாற்று நூல். 19-ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் தொழுநோயாளர்களை மருத்துவமும் சட்டமும் எவ்வாறு நடத்தின என்பதை ஆராய்கிறது. பக்கிங்ஹாம் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்.

உள்ளடக்கம்

ஆங்கில அரசு தொழுநோயாளர்களை முற்றாக அடக்கி அடைத்துவைத்தது என்ற எண்ணத்தை நூல் மறுக்கிறது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஆதரவற்ற ஏழை நோயாளர்களையே அடைத்துவைக்க வழிசெய்தது. மற்றவர்களுக்குச் சில தொழில்களைத் தடைசெய்ய இடமளித்தது. வசதியுள்ள நோயாளர் வீட்டிலேயே இருந்தார். ஆகவே அடைப்புக்குக் காரணம் நோய் மட்டுமன்று, வறுமையும்தான்.

மதிப்பீடு

அதிகாரிகள் எழுதிய தாள்களிலிருந்தே நோயாளர்களின் எதிர்ப்பையும் விருப்பத்தையும் தேடி எடுப்பது நூலின் பெரும் பலம். நோயாளரை இரக்கத்துக்குரியவராக மட்டும் காட்டாமல், தமக்கென முடிவெடுத்தவராகவும் காட்டுகிறது.

நூலின் முதுகெலும்பு அரசு ஆவணங்களே. அங்கேதான் அதன் எல்லையும் உள்ளது. சித்த மருத்துவத்தில் குட்டம் 18 வகை. பல தோல்நோய்களும் அதில் அடங்கும். ஆங்கில மருத்துவத்தின் 'லெப்ரசி' அவ்வளவு விரிந்ததன்று. ஊரார் குட்டம் என்றதை எழுத்தர் லெப்ரசி என்று பதிந்தால், கணக்கில் சேர்ந்தவர் அனைவரும் தொழுநோயாளர்தாமா என்ற ஐயம் எழும். இதைத் தெளிய, அரசுத் தாள்களோடு தமிழ் மருத்துவ நூல்களையும் வைத்துப் படிக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கி, சென்னையிலேயே காக்கப்படும் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பில் அத்தகைய பழைய அச்சு நூல்கள் பல உள்ளன.

திருக்கழுக்குன்றம் வட்டாரத்துக்கு இது அந்நியமான செய்தியன்று. இங்குள்ள சங்கு தீர்த்தத்தில் நோய் தீர நீராடும் வழக்கம் நெடுநாளையது. அருகே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. ராபர்ட் காக்ரேன் அங்கு பணியாற்றினார். 1940-களில் சல்ஃபோன் மருந்து அங்கு சோதிக்கப்பட்டது. 1955-இல் அது மத்திய அரசின் ஆய்வு நிறுவனமாயிற்று. நூலின் காலம் 19-ஆம் நூற்றாண்டோடு முடிவதால் திருமணியின் கதை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் கொண்ட சட்டப் பிரிவுகள் 2019-இல் நீக்கப்பட்டன. மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் விலக்கல் சட்டத்தில் நீடித்தது ஏன் என்பதை அறிய இந்நூல் நல்ல தொடக்கம். திருமணியில் வாழ்ந்தவர்களின் வரலாறு தமிழில் விரிவாக எழுதப்பட வேண்டும்.