உறுப்பு தரும் வண்டிகள்: பஞ்சிகாவத்தையும் புதுப்பேட்டையும்

கொழும்பில் மருதானையை ஒட்டிய பஞ்சிகாவத்தைக்கும் சென்னையில் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டைக்கும் தொழில் ஒன்றுதான். ஓய்ந்துபோன வண்டியைப் பிரித்து, இன்னும் ஓட வேண்டிய வண்டிக்குக் கொடுப்பது. முப்பது வயதான ஒரு பிக்கப்பை மறுபடி சாலையில் இறக்க நினைப்பவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் இப்படியொரு சந்தையில்தான் போய் நிற்பார். ஆனால் அவர் வாங்கிக்கொண்டு திரும்பும் பொருள் வேறு, அதை வண்டியில் ஏற்றும் முறை வேறு. இது இரண்டு நாட்டு மெக்கானிக்குகளின் கைத்திறனில் உள்ள வித்தியாசம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறுப்பு தரும் வண்டிக்கு என்ன வயது, அது எதனால் ஓய்ந்தது என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இலங்கையில் பிக்கப்பைக் 'கெப்' என்பார்கள். ஹைலக்ஸ், எல்200, நிசான் என்று பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள். தொண்ணூறுகளின் டீசல் ஹைலக்ஸ்களில் டொயோட்டாவின் 'எல்' வரிசை எஞ்சின்களைப் பரவலாகக் காணலாம். 2எல் என்றால் 2446 சி.சி., 3எல் 2779, 5எல் 2986. இதே வரிசைதான் அக்கால ஹைஏஸ் வேன்களிலும் இருந்தது. ஆகவே கெப்புக்கு எஞ்சின் தர இன்னொரு கெப்பைத் தேட வேண்டியதில்லை, வேன் போதும்.

அந்த வேன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவையான பகுதி. ஜப்பானில் புது கார் 3 ஆண்டு முடிந்ததும் முதல் அரசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும், அதன் பிறகு 2 ஆண்டுக்கு ஒரு தரம். வண்டிக்கு வயது ஏற ஏறப் பரிசோதனையில் தேறவைக்கும் செலவு ஏறும், வாகன வரியும் ஏறும். போதாததற்கு, 2003 அக்டோபரில் டோக்கியோவும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் புகை வரம்பைத் தாண்டிய பழைய டீசல் லாரிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் சாலையை மூடின. எஞ்சினில் இன்னும் பல ஆண்டு ஓட்டம் பாக்கியிருக்கும்போதே வண்டிகள் யார்டுக்கு வந்து சேர்ந்தன. முழு வண்டியாக ஏற்றினால் இலங்கையில் வரி தாங்காது, வயது வரம்பும் விடாது. வெட்டி ஏற்றினால் அது உதிரிப் பாகம். இப்படிப் பிறந்ததுதான் 'ஹாஃப் கட்', முன்பகுதி மட்டுமென்றால் 'நோஸ் கட்'.

ஒரு ஹாஃப் கட்டைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஹைஏஸில் எஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில் இருப்பதால் வெட்டு ஆசனத்துக்குப் பின்னால் விழுந்திருக்கும். தகரத்தின் வெட்டுவாய் சொரசொரவென்று துருவேறி நிற்கும். பின்பக்கம் போக வேண்டிய வயர்கள் கற்றையாக அறுபட்டுத் தொங்கும். ஆனால் அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அப்படியே இருக்கும்: ரேடியேட்டர், டைனமோ, ஸ்டியரிங், மீட்டர், பெடல், சாவி. வாங்க வந்தவர் கேட்டால் கடைக்காரர் ஒரு பற்றரியைக் கொண்டுவந்து பூட்டி, டீசல் நிரப்பிய கேனில் இரண்டு குழாயைச் செருகி, சாவியைத் திருப்புவார். பின்பாதி இல்லாத வண்டி நின்ற இடத்தில் உறுமத் தொடங்கும். ஒயில் மூடியைக் கழற்றிப் புகை தள்ளுகிறதா என்று உள்ளங்கையால் பார்ப்பதும், சூடேறியபின் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுப்பதும் அங்கேயே நடக்கும். ஓடும் எஞ்சினை ஓடவிட்டே வாங்கும் இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது இந்தியச் சந்தையில் நின்றவருக்குத்தான் தெரியும்.

அதனால் இலங்கைக் கராஜின் திறமை பொருத்துவதில் குவிந்திருக்கிறது. கெப்பில் கியர்த்தடி நேரே கியர்பெட்டியின் மேலேயே நிற்கும். வேனிலோ அது இணைப்புக் கம்பிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். எனவே கெப்பின் சொந்தக் கியர்பெட்டியை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றுவார்கள். பழைய எஞ்சினின் மவுண்ட், தேவைப்பட்டால் சம்ப், இவற்றைக் கழற்றி வந்த எஞ்சினில் பூட்டுவார்கள். கம்ப்யூட்டர் வைத்த புதிய டீசல் எஞ்சின்கள் வந்தபிறகு ஹாஃப் கட்டின் மதிப்பு இன்னும் கூடியது. எஞ்சினோடு அதன் மூளைப் பெட்டியும், வயரிங் முழுவதும், அந்தச் சாவியும் சேர்ந்து வந்தால்தான் அது பேசும். வெறும் எஞ்சினை மலிவாகக் கண்டு வாங்கியவர்கள் பின்னால் பெட்டிக்கும் சாவிக்கும் அலைந்த கதைகள் ஏராளம்.

இனி இந்தியா. 1988இல் டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், டாடாமொபைல் என்ற பிக்கப்பை இறக்கியது. அதே அடித்தளத்தின் மேல்தான் சியரா, எஸ்டேட், பிறகு 1994இல் சுமோ எல்லாம் வந்தன. 1948 சி.சி. டீசல் எஞ்சின் அந்தக் குடும்பத்துக்குப் பொது. டாடாமொபைலின் வழியில் வந்த 207 பிக்கப் தமிழ்நாட்டுக் காய்கறி மண்டிகளில் எத்தனை ஆண்டு உழைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹைலக்ஸுக்கு ஹைஏஸ் எப்படியோ, இந்த பிக்கப்புகளுக்குச் சுமோ அப்படி. இரண்டு நாட்டிலும் உறுப்பு தருவது ஒரே வயிற்றில் பிறந்த பயணிகள் வண்டிதான்.

ஒற்றுமை அதோடு முடிகிறது. புதுப்பேட்டைக்கு வரும் சுமோவை எந்தச் சட்டமும் இளமையிலேயே ஓய்வுக்கு அனுப்பியதில்லை. வாடகை வண்டியாகச் சபரிமலைக்கும் திருப்பதிக்கும் ஓடி, மூன்று நான்கு கை மாறி, கடைசியில் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காகக் காட்ட ஆகும் செலவு வண்டி விலையைத் தாண்டும்போதுதான் அது உடைக்க வருகிறது. வாங்குகிற பிக்கப் எவ்வளவு களைத்ததோ அவ்வளவு களைத்தது, கொடுக்கிற சுமோவும். ஜப்பானின் யார்டிலிருந்து முழு எஞ்சினை எடுத்துக்கொள்ளலாமே என்றால் முடியாது. பழைய பொருள் இறக்குமதிக்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு, ஹாஃப் கட் என்ற வியாபாரம் வெளிப்படையாக வளர அது இடம் தரவில்லை.

புதுப்பேட்டையில் வண்டி முழுதாகவோ பாதியாகவோ நிற்பதில்லை. வந்த வேகத்தில் பிரிந்துவிடும். ஒரு கடை முழுக்கக் கதவுகள், இன்னொன்றில் கியர் பாக்ஸ் மட்டும், அடுத்ததில் ஆக்ஸில் ஹவுசிங்குகள் அடுக்கி வைத்திருக்கும். எஞ்சின் மொட்டையாகத் தரையில் கிடக்கும். ஓட்டிப் பார்க்க வழியில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் ஹெட் கழற்றிய பிளாக்கின் பக்கத்தில் குந்தி, விரல் நகத்தைச் சிலிண்டரின் உள்விளிம்பில் மேலிருந்து கீழாக இழுப்பார். ரிங் ஏறி இறங்கும் எல்லையில் நகம் படி தட்டினால் தேய்மானம் அதிகம். பிறகு கிராங்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார், பிளாக்கில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று துணியால் துடைத்துத் தேடுவார். அவர் தேடுவது ஓடும் எஞ்சினை அன்று. உடையாத வார்ப்பு இரும்பு கிடைத்தால் போதும்.

மிச்சத்தை லேத் பட்டறை செய்யும். போர் போடுவது, ஸ்லீவ் இறக்குவது, கிராங்கை கிரைண்டிங் செய்து 10, 20, 30 என்று சைஸுக்கேற்ற பேரிங் போடுவது, வால்வு உட்கார வைப்பது. பிஸ்டனும் லைனரும் ரிங்கும் புதிதாகவே கிடைக்கும். ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் வார்த்தும் கடைந்தும் செய்கிறார்கள், டெல்லி காஷ்மீரி கேட்டின் மொத்தக் கடைகள் வழியாக நாடு முழுக்கப் போகிறது. பல ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் செய்யப்படாத வண்டிக்கும் இங்கே புது உதிரி விற்பனைக்கு இருக்கும். நான் பெரிதும் மதிக்கும் இந்தியச் சாதனைகளில் இது ஒன்று. இதனால்தான் இந்திய மெக்கானிக் ஒரு பாகத்தைத் தூக்கி எறிவதற்கு முன் பத்துத் தரம் யோசிக்கிறார். சரக்குப் பெட்டியை அவர் இன்னொரு வண்டியிலிருந்து எடுப்பதே அபூர்வம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று பாடி கட்டும் ஊர்கள் இருக்கும்போது பழைய பெட்டி எதற்கு?

இந்தியாவிலும் இளமை மாறாத உறுப்பு வண்டி ஒன்று இருந்தது. ராணுவம் ஏலம் விடும் ஜீப். குறைவாக ஓடி, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு, ஆண்டுக் கணக்கில் கழிக்கப்பட்டவை அவை. ஹரியானாவின் மண்டி டப்வாலி அந்த ஜீப்புகளைப் பிரித்துப் புது வண்டி கட்டியே பெயர் வாங்கிய ஊர். அங்கே போனால் புதுப்பேட்டையைவிடப் பஞ்சிகாவத்தைதான் நினைவுக்கு வரும். உறுப்பு நல்லதாக இருந்தால் இந்தியனும் முழுசாகத்தான் எடுத்துப் பூட்டுகிறான்.

நேர்மாறான சாட்சி யாழ்ப்பாணம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெட்ரோலும் பற்றரியும் உதிரிப் பாகங்களும் வடக்குக்குப் போவது நின்றது. ஹாஃப் கட் புழங்கும் அதே தீவில், ஒஸ்ரின் ஏ40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு பிளாஸ்டிக் போத்தலில் வைத்திருந்த பெட்ரோலைக் கார்பரேட்டரில் சில துளி பீச்சி ஸ்டார்ட் செய்து, பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உறுப்பு தேவையென்றால் ஒழுங்கைக்குள் நிற்கும் இன்னொரு ஏ40தான் கதி. பிஸ்டனையும் புஷ்ஷையும் கடைந்து, தேய்ந்ததை நிரப்பி, ஒரு காரை வைத்து மூன்று காரை ஓட்டினார்கள். புதுப்பேட்டை செய்வதை அவர்கள் ராஜ்கோட் இல்லாமலே செய்தார்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் வேலை இன்னும் முறையாகப் பதிவாகவில்லை என்பது என் ஆற்றாமை.

 

இனிக் காகிதம். இலங்கையில் வண்டியைவிட அதன் நம்பர் அரிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. 2022இல் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் முற்றத்தில் செடி முளைத்துக் கிடந்த கெப்புக்கெல்லாம் உயிர் வந்தது. "புத்தகமும் செசி நம்பரும் சரியா இருந்தாக் காணும் அண்ணை, மிச்சத்தை நாங்கள் பாத்துத் தாறம்" என்பது கராஜ்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் அதைப் பிடுங்குவதில்லை. ஆகவே ஒரே நம்பருக்குள் காலப்போக்கில் எஞ்சின், கியர்பெட்டி, கதவு, டாஷ்போர்ட் எல்லாம் மாறிவிடும்.

இந்தியாவில் வயதுதான் எதிரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றலாம், ஆனால் அனுமதி வாங்கி ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். சேஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியைக் கொடுத்து, நேரில் காட்டவும் வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. டெல்லியில் 10 ஆண்டு டீசலுக்கும் 15 ஆண்டு பெட்ரோலுக்கும் வந்த தடை அதைவிடக் கடுமையாக இருந்தது. இருபது வயது பிக்கப்பை முழுக்கப் புதுப்பிக்கும் தமிழ்நாட்டுக்காரர் எஞ்சினுக்குச் செலவழிக்கும்போதே அடுத்த எஃப்.சி.யையும் கணக்குப் பார்க்கிறார். பழுதுபார்ப்பு அவருக்குப் பொருளாதாரக் கேள்வி. இலங்கைக்காரருக்கு வேறு வழி இல்லாத கேள்வி.

இரண்டு பக்கத்திலும் எனக்குப் பயம் தருவது சேஸ்தான். எஞ்சின் மாறுவதால் வண்டி வேறாகிவிடாது. சேஸை அறுத்து ஒட்டினால் வேறாகிவிடும், ஒட்டு விட்டால் ஆள் போய்விடும். பிரிட்டனில் இதற்குப் புள்ளிக் கணக்கு வைத்திருந்தார்கள். பழைய பதிவு நிலைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது, சேஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பெட்டி, ஸ்டியரிங்குக்கு ஆளுக்கு 2, எஞ்சினுக்கு வெறும் 1. மெக்கானிக்குகள் மனதில் வைத்திருக்கும் வரிசையும் ஏறக்குறைய அதுதான். இப்படியொரு திறந்த கணக்கு நம் இரண்டு நாட்டிலும் இல்லாததால் நேர்மையாகக் கட்டிய வண்டியும், திருட்டு வண்டிக்குப் பழைய நம்பர் ஒட்டியதும் ஒரே சந்தேகத்தின் கீழ் வருகின்றன. மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தையைத் திருட்டு வண்டிகளுக்காகப் போலீஸ் 2021 டிசம்பரில் மூடியபோது, ஒழுங்காகத் தொழில் செய்தவர்களின் கடைகளுக்கும் சேர்த்துத்தான் பூட்டு விழுந்தது.

கைத்திறனில் வித்தியாசமில்லை என்று சொன்னதற்கு ஒரே கராஜுக்குள் ஆதாரம் இருக்கிறது. 2005இல் இந்தியாவில் வந்த டாடா ஏஸ், இலங்கையில் 'டிமோ பட்டா' என்ற பெயரில் ஊரெங்கும் ஓடுகிறது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. எஞ்சின். அதற்கு ஜப்பானிலிருந்து ஹாஃப் கட் வர வழியே இல்லை. ஆகவே பட்டா புகை தள்ளினால் இலங்கை மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்புகிறார், இந்தியாவிலிருந்து வந்த பிஸ்டனையும் லைனரையும் கடையில் வாங்குகிறார், கிராங்கை அளந்து பேரிங் சைஸ் சொல்கிறார். பக்கத்துக் குழியில் நிற்கும் ஹைலக்ஸுக்கோ, "அதுக்கு எஞ்சின் வேலை செய்யாதேங்கோ, பஞ்சிகாவத்தையில ஒரு 3எல் பாத்து எடுங்கோ" என்று எழுதிக் கொடுக்கிறார்.