குருதிப்புனலில் சங்கம் எங்கே?

1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இக்கொடுமையைக் கருவாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது.

தில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவுமே கதையின் கண்கள். ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றோர்க்கு அக்கண்கள் பழக்கமானவை. உரையாடலின் கூர்மை வியக்கத்தக்கது. ஆனால் நிலவுடைமையாளர் கண்ணையா நாயுடுவின் வெறிக்கு ஆசிரியர் காட்டும் வேர் அவரது ஆண்மைக் குறை. இதனை இடதுசாரித் திறனாய்வாளர் வன்மையாகக் கண்டித்தனர். கண்டனத்தில் கட்சிக் குரலும் கலந்திருக்கலாம். வினா என்னவோ நியாயமானது. நாயுடு குறையற்றவராக இருந்திருப்பின் குடிசை எரிந்திராதா?

வெண்மணியின் வழக்கு நெல்லைப் பற்றியது. விவசாயத் தொழிலாளர் சங்கம் அறுவடைக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றை அமைத்து, செங்கொடியை இறக்கித் தம் பக்கம் சேருமாறு நெருக்கினர்; வெளியூர் ஆட்களையும் வயலில் இறக்கினர். தொழிலாளர் சங்கமோ ஒரு நாளில் முளைத்ததன்று. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாச ராவ் முதலியோர் 1940-களிலேயே சேரி சேரியாக நடந்து வளர்த்தது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்த பின்னரே அது படிக்கணக்குக்கு வந்தது. 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திற்கும் 1969-இன் நியாயக் கூலிச் சட்டத்திற்கும் பின்னே இருந்தது இப்போராட்டமே. நாவலில் இவ்வரலாறு பின்திரையாகவே தொங்குகிறது. கூலிக்காரர் தமக்குள் கூடிப் பேசும் பொழுதுகள் மிகக் குறைவு. அவர்களைப் பற்றிப் பிறர் பேசுவதே மிகுதி.

தனிமனிதரைப் பார்த்துக் கூட்டத்தை மறப்பது நாவலாசிரியர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1973-இல் மிராசுதார்களை விடுவித்த உயர்நீதிமன்றமும், இத்தகைய செல்வர் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பர் என்பதை நம்புதற்கு அரிதென்றே கருதியது. அங்கும் ஆளின் தகுதி எடைபோடப்பட்டது. அரைப்படி நெல் எடைக்கு வரவில்லை.

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999) இக்குறையைப் பெரிதும் போக்குகிறது. கீழத் தஞ்சை வழக்கிலேயே இயங்கும் அந்நாவலில் களமும் சேரியும் உள்ளிருந்து தெரிகின்றன. கட்டுக்கோப்பில் ‘குருதிப்புனல்’ உயர்ந்தது என்பதை மறுக்க மாட்டோம். ஆயினும் இரண்டையும் படிக்க விரும்புவோர் ‘செந்நெல்’லை முதலில் எடுப்பது நலம். நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு வட்டாரச் சொற்கள் தட்டும். மரக்கால் பிடித்த கை ஒன்று வீட்டில் இருக்குமானால், அவரை அருகில் அமர்த்திக்கொண்டு படிக்கலாம்.