சோழமண்டலக் கரையின் டச்சுக் கையெழுத்து வரைபடங்கள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடல்வழி வரைபடங்களைப் பெரும்பாலும் அச்சிடவில்லை. கையால் படியெடுத்தே கப்பல்களுக்கு வழங்கியது. வழியறிவு போட்டியாளர்களிடம் சிக்கக்கூடாது என்பது முதன்மைக் காரணம். இவற்றோடு யோஹன்னஸ் விங்போன்ஸ் தீட்டிய நீர்வண்ணப் படங்களையும் ஒன்றாகக் கருதுவது பிழை. அவர் ஆசியாவுக்கு வந்தவரல்லர். ஆம்ஸ்டர்டாமில் பிறர் படங்களைப் பார்த்து, செல்வந்தர்களுக்காக வரைந்தவர். அழகு அதிகம், சான்றுமதிப்பு குறைவு.

மாலுமிக்கான வரைபடம் ஆழத்தையும் ஆற்றுமுகத்தையும் காட்டும். கோபுரம் அதற்கு வழிபாட்டிடம் அல்ல, கரையை அடையாளம் காணும் குறி. 1867-இல் இடிக்கப்பட்ட நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரம் அப்படிப் பயன்பட்டதே.

1608-இல் டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்துக்கு வந்தது துணிக்காக. ஆனால் இவ்வகை வரைபடங்களில் கெடிலத்தின் முகத்தைத் தேடலாம்; திருப்பாதிரிப்புலியூரின் தெருக்களையோ, அத்துணியை நெய்தவர்களையோ தேட இயலாது.